அக்காவின் எலும்புக்கு அனுப்பிய ஆட்கள்

அக்காவின் எலும்புகளில் குடியேற என் எலும்பிலிருந்து ஆட்களை அனுப்ப வேண்டியிருந்தது. யார் யாரை அனுப்புவது என்ற பட்டியலை நானே போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அது பழக்கமான வேலை. நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்த கண்டக்டர் என்று பதினாறு வருடமாக எழுதி வருகிறேன்.

அக்கா பெயர் குமுதவல்லி. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. எலும்புக்குள் ஒரு திருடன் புகுந்து, அங்கே குடியிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தன்னைப் போலவே மாற்றிவிட்டான். டாக்டர்கள் மருந்து அடித்து எல்லோரையும் காலி செய்தார்கள். இப்போது எலும்புகள் வெறுமையாக இருந்தன. வெள்ளையடித்து ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆட்கள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் ஐந்நூறு பேராவது பெருகாவிட்டால் அக்கா இறந்துவிடுவாள். இதை அச்சடித்து அவள் அறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.

சொந்தபந்தம் முழுக்க அளந்து பார்த்தார்கள். அவளுக்குப் பொருந்தும் எலும்பு என்னுடையது மட்டும்தான்.

ஆள் பரிமாற்றப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. கவுன்ட்டரில் எஸ்தர் கனகமணி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"உயிரோட இருக்கீங்கன்னு சர்டிபிகேட் இருக்கா?" என்றார்.

"நேர்லயே வந்திருக்கேன் மேடம்."

"வர்றவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

பக்கத்துக் கவுன்ட்டரில் போய் வாங்கி வந்தேன். அதில் என் உயரம் ஓர் அங்குலம் குறைவாக எழுதியிருந்தது. சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். குறைந்துதான் இருந்தேன்.

எஸ்தர் அம்மாள் ஒரு படிவத்தைத் தள்ளினார்.

"முதல் கட்டம், விதையாளுங்க. இவங்கதான் முக்கியம். எதுவா வேணும்னாலும் ஆவாங்க. காத்து சுமக்கறவன், காயத்த அடைக்கறவன், கிருமியத் தொரத்தறவன், எல்லாம் இவங்க பெத்துப் போடறதுதான். போன எடத்த ஊராக்கறது இவங்க."

"ரெண்டாவது?"

"காவலாளுங்க. நம்மாளு யாரு, வேத்தாளு யாருன்னு பாத்து அடிக்கறவங்க."

"எத்தனை பேர் போடணும்?"

"அளவா."

"அளவான்னா?"

"கூடிப்போனா உங்க அக்காவையே வேத்தாளுன்னு அடிப்பாங்க. கொறஞ்சா பழைய திருடன் திரும்ப வந்துடுவான்."

"அந்த அளவு எங்கயாவது எழுதியிருக்கா மேடம்?"

"எழுதியிருந்தா உங்கள ஏன் சார் கேக்கறோம்?"

மூன்றாவது கட்டத்தின் தலைப்பு 'மற்றவர்கள்'. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"பை நெறையணும்" என்றார். "அது ஒண்ணுதான் ரூல். உள்ள யாரு யாருங்கறது உங்க பாடு."

அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. வாசலில் அக்காவின் கணவர், என் மாமா, நாற்காலியாக இருந்தார். ஒரு நோயாளிக்கு ஒரு நாற்காலி அனுமதி. துணைக்கு ஆள் அனுமதி இல்லை. அதனால் அவர் அப்படி முடிவு செய்திருந்தார். கைப்பிடியில் அவருடைய வாட்ச் கட்டியிருந்தது.

"உக்காருப்பா தணிகாசலம்" என்றார் மாமா.

"பரவால்ல மாமா."

"கால் வலிக்கப் போவுது. இன்னும் ரெண்டு பேரு தாங்கும்."

நான் நின்றுகொண்டேன்.

அறைக்குக் கண்ணாடிச் சுவர். இரண்டு பக்கமும் ஒரு டெலிபோன் இருந்தது. அக்காவுக்குத் தலையில் முடி இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் குரல் மாறவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேள்வி கேட்கும் குரல்.

"லிஸ்ட் போட்டுட்டியாடா?"

"இன்னும் இல்லக்கா."

"டேய், ஒழுங்கா போடு. சின்ன வயசுல மிக்சர் பொட்டலத்த வாங்கி, கடலையெல்லாம் நீ பொறுக்கித் தின்னுட்டு, ஓமப்பொடிய ஏங்கிட்ட தள்ளுவியே. அந்த மாதிரி பண்ணிடாத."

"சேச்சே."

"முந்திரி இருந்துச்சுன்னு எனக்குக் காலேஜ் போனப்பறம்தான்டா தெரியும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணாடியில் என் சிரிப்பு சற்றுத் தாமதமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை ஒரு நர்ஸ் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். நான் குனிந்து உள்ளே போனேன்.

உள்ளே எங்கள் டெப்போவின் ஓய்வறை மாதிரியே இருந்தது. அதே பச்சை பெயின்ட். அதே மண்பானை. சங்கிலியில் கட்டிய அதே டம்ளர். இடப்பக்கம் காவலாட்கள் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் ரத்தினசாமி. பெரிய மீசை. கழுத்தில் விசில் தொங்கியது. அவன் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"என்னா சார், ஸ்பெஷல் டூட்டியா?"

"ஆமா."

"எவ்ளோ நாளு?"

"திரும்பி வர்றது கெடையாது."

"அப்ப எங்களத்தான் போடுவீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

வலப்பக்கம் விதையாட்கள் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். நானூறு பேர். வெள்ளைச் சட்டை. அவர்களுடைய முகங்கள் இன்னும் முடிவாகவில்லை. யாரும் பேசவில்லை. ஒரு பெண் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். அப்படி மடிப்பவர்களை நான் பார்த்ததில்லை.

"உன் பேரு என்னா?"

"இன்னும் வெக்கல சார்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன்.

டெப்போவில் ஒரு வழக்கம் உண்டு. தீபத் திருவிழாவுக்குப் பக்கத்து டெப்போக்காரர்கள் இருபது பேர் கேட்பார்கள். நல்ல டிரைவரை அனுப்பினால் அவர்கள் பிடித்துவைத்துக்கொள்வார்கள். ஆகவே வம்பு பண்ணுகிறவன், காரணமில்லாமல் லீவு போடுகிறவன், கிளட்ச்சைத் தேய்க்கிறவன், இவர்களை அனுப்புவோம். அவர்கள் எங்களுக்கும் அப்படித்தான் அனுப்புவார்கள். யாரும் இதைத் தப்பு என்று சொன்னதில்லை. பதினாறு வருடத்தில் ஒரே ஒருமுறை ஒரு நல்லவரை அனுப்பினேன். அது கைதவறி நடந்தது.

முதல் கட்டத்தில் நானூறு என்று எழுதினேன். பிறகு அதை அடித்தேன். எனக்கு நாற்பத்தோரு வயதுதான். இனிமேல்தான் விழுவேன், அடிபடுவேன், காய்ச்சலில் படுப்பேன். இருநூறு என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அறுபது என்று எழுதினேன். அது அடிபடாமல் நின்றது.

அந்த அறுபது பேரையும் நானே பொறுக்கினேன். இருமுகிறவர்கள். ஒரு காலைச் சாய்த்து நிற்கிறவர்கள். கை தானாக எழுதியது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

பை நிறையவில்லை. ரத்தினசாமியையும் அவன் ஆட்கள் முந்நூறு பேரையும் போட்டேன். மீதி இடத்துக்கு, மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களை 'மற்றவர்கள்' என்று போட்டேன். கையெழுத்திட்டேன். போர்வை மடித்த பெண் மடித்துக்கொண்டே இருந்தாள். அவள் பட்டியலில் இல்லை.

எஸ்தர் அம்மாள் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கு. தாராளமாத்தான் குடுத்திருக்கீங்க" என்றார்.

அன்று பகல் பதினொரு மணிக்கு அக்காவின் கட்டிலருகே ஸ்டாண்டில் பையைத் தொங்கவிட்டார்கள். ஆட்கள் டியூப் வழியாக வரிசையாக இறங்கினார்கள். முதலில் ரத்தினசாமி விசிலடித்துக்கொண்டு போனான். விதையாட்கள் கடைசியில் கைப்பிடித்துப் போனார்கள். அறுபதும் போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா டெலிபோனை எடுத்தாள்.

"அவ்ளோதானா?"

"பை ஃபுல்லுக்கா."

"நல்ல கூட்டம்டா. சத்தம் கேக்குது."

மாமா நாற்காலியிலிருந்தபடியே அழுதார். "உன்ன மாதிரி ஒரு தம்பி யாருக்குக் கெடைக்கும்" என்றார். அவருடைய சீட் நனைந்திருந்தது. நான் கைக்குட்டையால் துடைத்தேன்.

கதவுக்கு மேலே ஒரு பலகை மாட்டினார்கள். அக்காவின் எலும்பில் எத்தனை பேர் பெருகியிருக்கிறார்கள் என்று தினமும் காலையில் அதில் எழுதுவார்கள். முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாளும் பூஜ்யம்.

பூஜ்யம் எழுதப்படும் ஒவ்வொரு நாளும் நடைபாதை ஒரு ஜன்னல் அளவு நீண்டது. ஐந்தாம் நாள் அக்கா அறைக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. எட்டாம் நாள் வழியில் ஒரு டீக்கடை வந்திருந்தது. பத்தாம் நாள் நடைபாதையில் பஸ் விட்டார்கள். டிரைவரை எனக்குத் தெரியும். முன்பு எங்கள் டெப்போ ஆள். திருவிழாவுக்கு நான் கைதவறி அனுப்பிய நல்லவர் அவர்தான்.

"இங்கயே வச்சிக்கிட்டாங்க சார்" என்றார்.

பதிமூன்றாம் நாள் பலகையில் பன்னிரண்டு என்று இருந்தது. மாமா சந்தோஷத்தில் ஒரு முறை நகர்ந்தார். தரையில் கீச்சென்று சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்சிடுச்சுப்பா. எல்லாம் நீ குடுத்தது."

பதினான்காம் நாள் பதினைந்து. பதினைந்தாம் நாள் பதினாறு. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே விடைதான் வந்திருக்கும். அவள் டெலிபோனை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காலை, டெப்போவில் முதல் வண்டிகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேஜை மேலிருந்த போன் அடித்தது.

"சார், ரத்தினசாமி பேசறேன்."

"எங்கேருந்து?"

"உங்க அக்கா தொடையெலும்பு. எடம் சரியில்ல சார்."

"என்னா சரியில்ல?"

"எல்லாம் பாக்க நம்ம எடம் மாதிரியே இருக்கு. ஆனா பானை வலப்பக்கம் இருக்கு. இவங்க நம்மாளுங்க இல்ல."

"அது என் அக்கா."

"அக்கான்னா நம்மாளா சார்?"

"நம்மாளுதான்."

"அடையாளச் சீட்டு வேற மாதிரி இருக்கே. ஒரு எழுத்து மாறுது. நாங்க தோல்லேருந்து ஆரம்பிச்சிருக்கோம்."

"என்னாத்த ஆரம்பிச்சிருக்க?"

"டூட்டிய."

போன் வைக்கப்பட்டது. பஸ்ஸைப் பிடித்து நடைபாதையின் கடைசிக்குப் போனேன். அக்காவின் உள்ளங்கைகள் சிவந்து தோல் உரிந்துகொண்டிருந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். டெலிபோனை இரண்டு முழங்கைகளுக்கு நடுவில் பிடித்தாள்.

"நீ அனுப்பினவங்க ரொம்பச் சுறுசுறுப்புடா" என்றாள்.

நான் கண்ணாடியில் கை வைத்தேன். என் கையில் ஒன்றுமில்லை. வழக்கமான நிறத்தில் இருந்தது.

மூன்றாவது மாடிக்குப் போனேன். எஸ்தர் அம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸை மூடும்வரை காத்திருந்தேன்.

"ரெண்டாவது பட்டியல் தரணும் மேடம்."

"காரணம்?"

"முதல் பட்டியல்ல நல்லவங்கள வச்சிக்கிட்டேன். நானூறுல அறுபதுதான் குடுத்தேன். அதுவும் நோஞ்சானுங்க. மீதிக்குக் காவலாளுங்கள அடைச்சேன்."

அவர் முகம் மாறவில்லை. ஒரு படிவத்தை எடுத்தார்.

"இதெல்லாம் எழுத எடம் இல்ல சார். மூணு காரணம் அச்சடிச்சிருக்கு. மழை, மறதி, கோயில் திருவிழா. ஒண்ணுல டிக் பண்ணுங்க."

"நான் மறக்கல மேடம். தெரிஞ்சே பண்ணேன்."

"அப்ப மழையா?"

"இல்ல."

"திருவிழா?"

"மேடம், தப்பு பண்ணிட்டேன்னு சொல்றேன்."

"காதுல விழுது. அதுக்குக் கட்டம் இல்லன்னு நானும் சொல்றேன். பின்னாடி ஆளு நிக்கறாங்க."

மறதியில் டிக் செய்தேன்.

"காவலாளுங்களத் திருப்பி எடுத்துக்கலாமா?"

"போனவங்க போனவங்கதான். மருந்து குடுத்து உக்கார வெப்போம். அசதியா இருப்பாங்க. ஆனா தூங்கிடக் கூடாது. தூங்கிட்டாங்கன்னா திருடனுக்குக் கொண்டாட்டம்."

"அசதிக்கும் தூக்கத்துக்கும் நடுவுல எவ்ளோ மருந்து?"

"அளவா" என்றார்.

பதினெட்டாம் நாள் மீண்டும் இடுப்பெலும்புக்குள் போனேன். இடப்பக்கம் காலியாகக் கிடந்தது. வலப்பக்கம் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். நல்லவர்கள். நான் பொறுக்கிவைத்தவர்கள். நான் பட்டியலைப் படிப்பதற்கு முன்பே அவர்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. யாராவது கேட்டிருக்கலாம்.

அந்தப் பெண் மட்டும் கடைசி போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாங்க எல்லாம் போயிட்டா இங்க யாரு சார்?"

"நான் இருக்கேன்."

"நீங்க என்னா வேல செய்வீங்க?"

"எழுதுவேன்."

"போன வாட்டியே எங்களக் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பஸ் லேட் என்று சொல்வது போலச் சொன்னாள். போர்வையை என்னிடம் கொடுத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

அன்றே அவர்களை அக்காவுக்கு ஏற்றினார்கள். டியூபில் சத்தமே இல்லை. அக்கா கண்ணை மூடியிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

இரண்டு நாள் எனக்கு நடக்க முடியவில்லை. காலியான இடுப்பு காற்றில் ஆடியது. மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் வலி குறைந்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் நிரம்பியிருந்தது. நானூறு பேர். வெள்ளைச் சட்டை, முடிவாகாத முகம். ஒருவர்கூடக் குறையவில்லை. எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டேன்.

"முழுசாக் காலியாச்சுன்னா வருவோம் சார்" என்றான் ஒருவன். "எப்பவும் அப்படித்தான். உங்களுக்குச் சொல்லலையா?"

வாசலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஆக, முதல் நாளே நானூறு பேரையும் அனுப்பியிருக்கலாம். எனக்கு எதுவும் குறைந்திருக்காது. நான் எதைக் காப்பாற்ற வேண்டி அவளுக்கு அறுபது பேரை எழுதினேனோ அது காப்பாற்ற வேண்டிய பொருளே இல்லை. அவன் எனக்குத் தண்ணீர் கொடுத்தான். சங்கிலி எட்டும் தூரம்வரை டம்ளரை நீட்டினான்.

இருபத்திரண்டாம் நாள் பலகையில் தொண்ணூறு. இருபத்து நான்காம் நாள் இருநூற்று ஐந்து. நடைபாதை சுருங்கத் தொடங்கியது. டீக்கடையைக் காணவில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டிரைவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. என் டெப்போவுக்கு வருகிறாரா என்று கேட்டேன். "வேணாம் சார். திருப்பி எங்கயாவது அனுப்புவீங்க" என்றார்.

இருபத்தாறாம் நாள் முந்நூற்று எண்பது. இருபத்தேழாம் நாளும் முந்நூற்று எண்பது.

நான் மாமாவின் பக்கத்தில் நின்றேன்.

"ஏன் நின்னு போச்சு?" என்றார் மாமா.

"தெரியல."

"நீ குடுத்ததுல கொற ஒண்ணும் இருக்காது. இவ ஒடம்புலதான் ஏதோ."

நான் மாமாவிடம் சொல்லிவிட நினைத்தேன். வாயைத் திறந்தேன். அவர் கைப்பிடியில் இருந்த வாட்ச் நின்றுபோயிருந்தது. அதற்குச் சாவி கொடுத்தேன். பிறகு சொல்ல முடியவில்லை.

அப்போது கண்ணாடிச் சுவரில் இருந்த டெலிபோன் அடித்தது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

"சார், ரத்தினசாமி."

"இன்னும் என்னாத்தய்யா அடிக்கற?"

"ஒருத்தன் வந்திருந்தான் சார். முதுகெலும்பு வாசல்ல. பழைய சாவி வச்சிருந்தான். இந்த வீட்டுக்காரன்னு சொன்னான். அச்சு அசலா உங்க அக்கா மாதிரியே பேசறான். புதுசா வந்த விதையாளுங்க, பாவம், நல்லவங்க. நம்பிட்டாங்க. வேலைய நிறுத்திட்டு, பானைத் தண்ணி மொண்டு குடுக்கறாங்க."

"அப்பறம்?"

"நான் அசதியா உக்காந்திருந்தேன். மருந்து. ஆனா எனக்கு எவன் மேலயும் நம்பிக்கை கெடையாது சார். உங்களுக்குத்தான் தெரியுமே."

"அடிச்சியா?"

"அடிச்சேன்னு எழுதிக்காதீங்க."

"ஓடிட்டானா?"

"ஓடறதுக்கு அவன் இல்ல."

அவன் மூச்சு வாங்கினான். பின்னால் யாரோ தரையைக் கூட்டும் சத்தம் கேட்டது.

"நல்ல வேளை சார், எங்களப் போட்டீங்க" என்றான். "வேற டைம் கீப்பரா இருந்தா எங்கள ஒதுக்கியிருப்பான்."

இருபத்தெட்டாம் நாள் காலை பலகையில் ஐந்நூற்றுப் பதினொன்று என்று எழுதினார்கள். மாமா நாற்காலியாகவே இருந்து கத்தினார். மற்ற அறைகளின் நாற்காலிகள் தரையில் தட்டின.

அக்கா வெளியே வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆயிற்று. உள்ளங்கையில் புதுத் தோல் வந்திருந்தது. நடைபாதை இப்போது எட்டே அடிதான். அவள் மூன்று எட்டில் கடந்தாள். ரத்தினசாமியும் ஆட்களும் ஓரமாக அசதியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வப்போது முழங்கையில் ஏதோ சொறிகிறார்கள் என்றாள்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு மூன்றாவது மாடியில் ரசீது போட வேண்டும். எஸ்தர் அம்மாள் ஒரு தாளை எடுத்துவைத்தார். அக்காவின் பகுதியில், 'ஆட்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது. அவள் கையெழுத்திட்டாள்.

என் பகுதியை எஸ்தர் அம்மாள் சத்தமாகப் படித்தார்.

"'திருடன் திரும்பி வருவான் என்பதை முன்கூட்டியே யோசித்து, பெறுபவரின் நன்மை ஒன்றையே கருதி, காவலாட்களைத் தெரிந்தே கூடுதலாக அனுப்பினேன்.' கீழ போடுங்க சார்."

"இது உண்மை இல்ல மேடம்."

"எது?"

"முன்கூட்டி யோசிச்சது. நன்மை. ரெண்டும்."

"அப்ப காரணமில்லாம அனுப்பினதா ஆயிடும். காரணமில்லாம வந்த ஆளுங்களத் திருப்பி அனுப்பணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள. அத்தனை பேரையும்."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் மூச்சு மெதுவாக வந்தது. என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தாள்.

நான் கையெழுத்திட்டேன்.

எஸ்தர் அம்மாள் என் முதல் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார்.

"ஒத்துப்போவல. இன்னொரு தடவ."

மீண்டும் போட்டேன். என் பெயரின் கடைசி எழுத்து படிவத்தைவிட்டு வெளியே போய்விட்டது. மூன்றாவது முறை போட்டேன். அது யாரோ ஒரு நல்ல மனிதனின் கையெழுத்து மாதிரி இருந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"இது நீங்க இல்ல சார்" என்றார் எஸ்தர் அம்மாள்.

மணி நாலே முக்கால்.

"அக்கா" என்றேன். "மொத லிஸ்ட்ல நான்..."

"தெரியும்டா. அவனுங்க வந்த அன்னைக்கே சொல்லிட்டானுங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். அறுபது பேரும். இருமிக்கிட்டே சொன்னாங்க."

"நீ ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதா எனக்குப் பாக்கச் சகிக்காது. நவுரு."

அவள் கவுன்ட்டருக்கு வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள்.

"நீங்க போடக் கூடாதும்மா" என்றார் எஸ்தர் அம்மாள். "குடுத்தவர்தான் போடணும்."

"என் ரத்தத்த எடுத்துப் பாருங்க. யாருதுன்னு சொல்லுங்க."

எஸ்தர் அம்மாள் ஓர் ஊசியை எடுத்து அக்காவின் விரலில் குத்தினார். துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவருதுதான். அப்ப போடலாம்."

அக்கா குனிந்து, 'நன்மை ஒன்றையே கருதி' என்ற வரிக்குக் கீழே என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். நிதானமாகப் போட்டாள். அது என் கையெழுத்தேதான். அதே சாய்வு, அதே அவசரம், கடைசியில் அதே இழுப்பு.

எஸ்தர் அம்மாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்தினார்.

அக்கா பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினாள்.